மண்ணூரில் மேல்நோக்கிப் பெய்த மழை

மண்ணூரில் வேல்விழியின் வீட்டில் மட்டும் போன வைகாசியில் ஒன்பது நாள் மழை தரையிலிருந்து வானத்துக்குப் பெய்தது. மழை என்ற சீன எழுத்தை அவள் கோடுகளின் வரிசை மாற்றி எழுதியதுதான் காரணம். அவள் கணவர் தளவாய், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர், கட்டிலுக்கு அடியில் பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துக் கட்டினார். அதற்குப் பிறகு இருவருக்கும் தூக்கத்தில் குறையொன்றும் இல்லை.

வேல்விழி ஒரகடத்தில் சார்ஜர் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஆறு வருடமாக வேலை செய்கிறாள். சித்திரையில் அங்கே புது மிஷின் வந்தது. அதன் திரையில் எல்லாமே சீனம். மிஷின் நின்று சிவப்பு எழுத்து வரும்போதெல்லாம் சூப்பர்வைசர் பாண்டுரங்கன் படம் பிடித்து, மிஷினை நிறுவ வந்த சீனத்துப் பெண் லின்னுக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பார். நாற்பது பெண்கள் கைகட்டி நிற்பார்கள். "போட்டோ புடிச்சிகினு நிக்கறதுக்கு நானே படிச்சிக்கிறேன் சார்" என்றாள் வேல்விழி. அவளைவிட எட்டு வயது சின்னவளான லின், கேண்டீனில் பெண்களோடு உட்கார்ந்து கொஞ்சம் தமிழ் பழகியிருந்தாள். கட்டம் போட்ட நோட்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு மாதத்தில் வேல்விழி 'நில்', 'கதவு', 'சூடு' எல்லாம் படித்தாள். தன் குறையைப் படிக்க ஆள் வந்துவிட்டது என்று தெரிந்ததாலோ என்னவோ, மிஷினும் நிற்பதைக் குறைத்துக்கொண்டது.

கோடுகளின் வரிசையில்தான் அவளுக்குப் பொறுமை இல்லை.

"எப்டிப் போட்டா இன்னா? கடைசில பாக்க ஒண்ணாத்தானே கீது?"

லின் யோசித்துச் சொன்னாள்: "பாக்க ஒண்ணு. ஆனா ஒண்ணு இல்ல அக்கா."

அன்று சாயங்காலம் வீட்டில் வேல்விழி மழை எழுதினாள். துளிகள் நான்கும் அழகாக இருந்ததால் அவற்றை முதலில் வைத்தாள். வானத்துக்கான மேல்கோட்டைக் கடைசியில் இழுத்தாள். சமையலறைத் தரையிலிருந்து முதல் துளி எழும்பி உத்தரத்தில் பட்டு, ஓட்டு இடுக்கு வழியாக மேலே போனது. ரப்பரால் அழித்துப் பார்த்தாள். மழை தூறலானதே தவிர நிற்கவில்லை.

எட்டாம் நாள் பக்கத்து வீட்டுக் கிளியம்மாள் வந்தாள். "யம்மா வேல்விழி, உன் வூட்டு மழை எங்க போனா எனக்கு இன்னா? தெரு போர்ல தண்ணி மொத்தமும் மேல போயிட்ச்சி. மோட்டார் போட்டா காத்துதான் வருது. ஞாயித்துக்கெழம எம்பொண்ணு மதிவதனிக்குக் கல்யாணம். முந்நூறு பேருக்கு ஆக்கிப் போடணும்மா." அவள் திட்டவில்லை, அதனால்தான் வேல்விழிக்கு அழுகை வந்தது.

மறுநாள் வேல்விழி கூப்பிட, ஷிப்ட் முடிந்ததும் தளவாயின் பஸ்ஸிலேயே லின் வந்து இறங்கினாள். மழையைப் பார்த்தாள், நோட்டைப் பார்த்தாள், வாய்விட்டுச் சிரித்தாள். "அக்கா, முதல்ல வானம்!"

வேல்விழி நாற்காலியில் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டு எழுதினாள். வானம். இடப்பக்கம் இறங்கும் கோடு. வலப்பக்கம் வளைந்து இறங்கிக் கொக்கி போடும் கோடு. நடுக்கோடு. பதினோரு தடவை கோடு கோணிப்போனது; அத்தனை தடவையும் மழை ஒரு கணம் நின்று யோசித்துவிட்டு மறுபடி ஏறியது. பன்னிரண்டாம் தடவை இடப்பக்கம் இரண்டு துளி வைத்ததும் வெளியே இருட்டியது. வலப்பக்கம் கடைசித் துளியை வைத்ததும் மண்ணூர் முழுவதும் மேலிருந்து கீழாக மழை கொட்டியது. கிளியம்மாள் கல்யாண அண்டாக்களைத் தெருவில் பரப்பினாள். லின்னும் வேல்விழியும் கைகோத்துத் தெருவில் ஆடினார்கள். "ஏட்டி, சளி புடிக்கும்!" என்று கத்திய கோவில்பட்டிக்காரர் தளவாயும் கடைசியில் இறங்கி ஆடினார். ஞாயிற்றுக்கிழமை நல்ல வெயில். வந்தவர்களுக்குச் சாப்பாடு போதாமல் இரண்டாவது உலை வைத்தார்கள்.

ஆனியில் வேல்விழியை அந்த மிஷினுக்குப் பொறுப்பாளராக்கினார்கள். ஆடியில் லின் ஊர் திரும்பினாள். போனவள் சும்மா இருக்கவில்லை. தமிழில் 'பூ' எழுதப் பார்த்தாள். வாலை முதலில் போட்டுவிட்டுப் போனில் கூப்பிட்டாள். "அக்கா, வாசனை இருக்கு. பூ இல்ல."

"மொதல்ல ப போடும்மா. அப்பால வாலு" என்று வேல்விழி போனுக்கு முன்னால் எழுதிக் காட்டினாள்.

இப்போது லின்னின் ஐந்தாம் மாடி பால்கனியில் தினமும் நாலு முழம் மல்லிகை பூக்கிறது. அங்கே தலையில் பூ வைக்கும் வழக்கம் இல்லை என்பதால், அந்தக் கட்டடத்துப் பெண்கள் அதை ஸ்கூட்டர் கண்ணாடியில் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள்.