மூன்றாவது ஆள்

"பொது சுகாதாரத்தைத் தாங்கி நிற்பது மருந்தல்ல, மருத்துவமனையல்ல, உண்மை ஒன்றே!" உணவுவழி நோய்க் கண்காணிப்புப் பிரிவின் தலைவர் இதை நான்கு மாநாடுகளில் முழங்கியிருக்கிறார். நான்கிலும் கைதட்டல். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து அவரால் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் கழிவறைக்கு வெளியே இருக்க முடியவில்லை.

பதினொரு மணிக்கு அவருடைய பிரிவிலிருந்தே ஒரு பெண் கேள்வித்தாளோடு வீட்டுக்கு வந்தார். வயிறு கெட்டுப் படுத்தவர்கள் மூன்று நாளாக என்னென்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டு எழுதுவது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்குத் துருவி என்று பெயர்.

விஷயம் அவசரம். ஒரு நர்ஸும் ஒரு பஸ் டிரைவரும் முனை பேக்கரியில் கிரீம் பன் சாப்பிட்டுப் படுத்துவிட்டார்கள். அதே பேக்கரி இன்று நான்கு மணிக்கு ஒரு பள்ளி விழாவுக்கு முந்நூறு கிரீம் பன் அனுப்பப் போகிறது. ஆய்வக முடிவு வர மூன்று நாளாகும். அதற்கு முன் கடையை மூட வேண்டுமென்றால் வெவ்வேறு வீடுகளைச் சேர்ந்த மூன்று நோயாளிகள் ஒரே பண்டத்தைச் சொல்ல வேண்டும். அது விதி. இப்போதைக்கு மூன்றாவது நோயாளி தலைவர்தான்.

"சனிக்கிழமை என்ன சார் சாப்பிட்டீங்க?"

"காலையில ஓட்ஸ் கஞ்சி. மதியம் வேகவெச்ச காய். ராத்திரி வெள்ளரிக்கா."

"ஞாயித்துக்கிழமை?"

"அதேதான்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவிக்குப் பெருமை தாங்கவில்லை. "ஆறு மாசமா இனிப்பு இருக்கிற பக்கமே இவர் தலைவெச்சுப் படுக்கலம்மா. எங்க அண்ணன் இவரைப் பாத்துதான் டயட்லயே இறங்கினார்."

"நீங்களும் அதே கஞ்சிதானே மேடம் குடிச்சீங்க?"

"ஆமா. நான் கல்லு மாதிரி இருக்கேனே!"

துருவி பேனாவை மூடவில்லை. "வெளியில ஏதாவது, சார்? போற போக்குல? ஒரு வாய்?"

"இல்லைன்னு எழுதும்மா" என்று எழுந்தவர், மிச்சப் பேட்டியைக் கழிவறைக்குள்ளிருந்து தொடர வேண்டியதாயிற்று. துருவி ஒரு நாற்காலியை இழுத்துக் கதவுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மனைவி உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர் கொண்டுவரச் சமையலறைக்குப் போனார்.

"இந்தாம்மா" என்று கதவு கிசுகிசுத்தது. "மூணு பேர்ங்கிறதை ரெண்டாக்கிட்டா என்ன?"

"முன்னாடி ரெண்டாதான் சார் இருந்துச்சு. கேஸ் எண்ணிக்கை குறையணும்னு போன வருஷம் நீங்கதான் மூணாக்கினீங்க. அதுக்கு விருதுகூட வாங்கினீங்களே."

உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"வேற யாராவது சிக்க மாட்டாங்களா?"

"நாலு மணிக்கு மேல நிறைய பேர் சிக்குவாங்க சார். எல்லாம் எட்டு வயசு, ஒன்பது வயசு."

"அவ அங்க இருக்காளா?" என்றது கதவு.

"அடுப்படியில இருக்காங்க."

"அப்ப எழுதிக்கோ. முனை பேக்கரி. கிரீம் பன்."

"எங்கே உக்காந்து சாப்பிட்டீங்க?"

"அதெல்லாம் எதுக்கு?"

"அஞ்சாம் பக்கத்துல இருக்கு சார். நீங்க சேர்த்த கேள்விதான்."

"கார்ல. கண்ணாடியை ஏத்திவிட்டுட்டு."

"எத்தனை?"

"ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"அந்தக் கட்டத்துல ஒரே எண்தான் எழுத முடியும் சார்."

தலைவர் எண்ணைச் சொன்னார். டம்ளரோடு திரும்பி வந்திருந்த மனைவி அதைத் தெளிவாகக் கேட்டார்.

"ஏங்க," என்றார் கதவைப் பார்த்து, "எங்க அண்ணனுக்கு நான் என்னன்னு சொல்றது?" தண்ணீரைத் தாமே குடித்துவிட்டு உள்ளே போனார்.

மூன்றே காலுக்குப் பேக்கரிக்குச் சீல் வைத்தார்கள். குழந்தைகளுக்கு பிஸ்கட் கொடுத்து விழா முடிந்தது. ஒரு குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. நல்ல கண்காணிப்புக்கு எடுத்துக்காட்டு என்று ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கினார்கள்.

நோயாளிகளின் பெயரை வெளியிடக் கூடாது என்பதால் தொழிலை மட்டும் அச்சிடுவது வழக்கம். மூன்றாவது வரியில் இப்படி இருக்கிறது: உணவுவழி நோய்க் கண்காணிப்புப் பிரிவின் தலைவர், கிரீம் பன், ஒன்பது.