நாக்குழறுபவர்களுக்கு விற்பதில்லை

மதுக்கடைக் கவுன்ட்டரில் நிற்பவளுக்குக் கால்வலியெல்லாம் ஒரு வலியே அல்ல. வருகிறவன் போகிறவன் முகத்தையெல்லாம் உற்றுப் பார்த்து, இவனுக்குக் குடிக்கிற வயது வந்துவிட்டதா, இவன் ஏற்கெனவே குடித்திருக்கிறானா என்று பகல் முழுக்கத் தீர்ப்புச் சொல்வதுதான் அவளை அடித்துப் போட்டதுபோல ஆக்கிவிடும். உரிமத்தின் நிபந்தனைகள் தலைக்கு மேல் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கின. நடை தள்ளாடினால் கொடுக்காதே, நாக்குழறினால் கொடுக்காதே. போன மாதம் ஒரு குடிகாரனுக்கு விற்று அதிகாரியிடம் மாட்டியாயிற்று. இன்னொரு முறை என்றால் கடைக்குப் பூட்டு. விற்பனை குறைந்தால் முதலாளி முறைப்பார், கூடினால் அதிகாரி முறைப்பார். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. அவள் சம்பளத்தை நம்பியிருக்கும் பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் இந்த இடியெல்லாம் கேட்காது.

அன்று சாயங்காலம் ஹாரன் வந்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வண்டியில் ஹாரன் பழுதானாலும் அவர் தொண்டை போதும் என்று தெரு வைத்த பெயர். நாலைந்து மாதமாக ஆளைக் காணவில்லை. குடியை விட்டுவிட்டார் போலும் என்று நினைத்து அவள் மறந்தும் போயிருந்தாள். இப்போது ஒரு காலை இழுத்து இழுத்து வந்து, கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தார். முதலில் எச்சில் வந்தது. பிறகு குழைந்துபோன ஒரு சத்தம். பின்னால் வரிசை நீண்டிருந்தது. அவள் முழுதாகக் கேட்கவில்லை.

"ஏத்திக்கிட்டு வந்துட்டீங்களாண்ணே? இன்னைக்குக் கிடையாது. வீட்டுக்குப் போய்ப் படுங்க."

"வண்டி ரிவர்ஸ்ல போகுதுடோய்!" என்றான் வரிசையில் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் கொஞ்சம் சிரித்தாள்.

மறுநாள் மதியம் அவர் மனைவி வந்தாள். உள்ளே வரக் கூசி, வாசலில் நின்று கையைக் காட்டிக் கூப்பிட்டாள்.

"அவர் குடிக்கலம்மா. பக்கவாதம். ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்புறம் தனியா தெருவுல இறங்கினதே நேத்துதான்."

அவள் அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாதுக்கா."

"திட்ட வரல. உன் வேலை அப்படி. நேத்துலேருந்து சுவத்தைப் பாத்தே படுத்திருக்கார். நடக்கணும், எழுந்திரிங்கன்னா கண்ணை மூடிக்கிறார். சாயங்காலம் எப்படியாவது அனுப்புறேன். வழக்கமா வாங்குறதைக் குடுத்துடு. டாக்டர் தொடவே கூடாதுன்னுட்டார், வந்ததும் நான் பிடுங்கிக் கீழ கொட்டிடுறேன். நாலு பேர் முன்னாடி அவர் கையில குடு, அது போதும்."

குடிக்கக் கூடாதவருக்கு, கொட்டுவதற்கென்று விற்பது எந்த நிபந்தனையில் வரும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அவர் நடையையும் பேச்சையும் பார்க்கிற எந்த அதிகாரியும் காரணம் கேட்டுக்கொண்டிருக்கப் போவதில்லை, வேலை போய்விடும். ஆனாலும் எழுந்து நடக்கத் தொடங்கிய மனிதரைத் திரும்பப் படுக்கையில் தள்ளியது தன் வாய்தான். வெட்கமாக இருந்தது. சரிக்கா என்று தலையாட்டினாள்.

சாயங்காலம் அவர் வருவது தூரத்திலேயே தெரிந்தது. அவள் பாட்டிலைக் காகிதத்தில் சுற்றித் தயாராக வைத்தாள். வரிசையில் இருந்தவர்களை விலகச் சொல்லி, நாலு பேருக்கும் கேட்கிற மாதிரி, "வாங்கண்ணே, உங்களுக்கு எடுத்தே வச்சிட்டேன்" என்று நீட்டினாள்.

அவர் பாட்டிலைப் பார்த்தார். நல்ல கையால் அதை அவள் பக்கமே தள்ளினார். உதடு ஒரு பக்கமாகக் கோணியது.

"நீ... கே... கேக்கலியே... ம்மா."

நேற்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை. பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தாள்.

"ஆமாண்ணே, கேக்கல. என்ன வேணும்? சொல்லுங்க."

அவர் தோளில் வாயைத் துடைத்துக்கொண்டார். முதல் எழுத்து வந்தது, உடைந்தது. மறுபடி ஆரம்பித்தார். பின்னாலிருந்து யாரோ உச்சுக்கொட்டினான். அவள் அவனைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினாள். அவர் கழுத்து நரம்பு புடைக்க அந்தச் சொல்லை மூன்றாம் முறை தொடங்கினார்.