எல்லாப் புள்ளிகளையும் தொட்ட கோடு

திங்கட்கிழமை வைவா, முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு. சனிக்கிழமை காலையில் தேர்வாளரைச் சின்னக் காஞ்சிபுரம் கோயிலுக்கும் அப்படியே பட்டுக் கடைக்கும் கூட்டிக்கொண்டு போகும் வேலை பிரவீனாவின் தலையில் விழுந்தது.

"நீ உள்ளூர்ப் பொண்ணு. கூட இருந்தா எனக்குத் தெம்பா இருக்கும்" என்று ஆராய்ச்சி கைடு ராஜகோபால் போனில் சொன்னார். மாட்டேன் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. ஸ்காலர்ஷிப் நின்றுபோன வருஷத்தில் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி அதை மீட்டுக் கொடுத்தவர் அவர். அம்மா ரேணுகாம்பாளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் நடந்தபோது ஆஸ்பத்திரிக்கே வந்து நலம் விசாரித்துவிட்டுப் போனவர். கெட்டவர் என்று யாரும் அவரைச் சொன்னதில்லை.

பிரவீனாவின் அப்பா தனசேகரன் ஐயம்பேட்டைக்கும் காஞ்சிபுரத்துக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். பொண்ணு என்ன படிக்குது என்று சவாரியில் யாராவது கேட்டால், "டியூப்லைட் மாதிரி ஒண்ணுபா. அதுக்குள்ள என்னா நடக்குதுன்னு கணக்குப் போட்டுக்கினு இருக்குது" என்பார். பல்கலைக்கழகத்தில் பாதிப் பேர் இதைவிட மோசமாகத்தான் விளக்குவார்கள்.

அவள் கணக்குப் போட்ட குழாய் குவார்ட்ஸ் கண்ணாடியில் செய்தது. உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுக் கொஞ்சம் நைட்ரஜனை விட்டு, ஒரு முனையில் மைக்ரோவேவ் அலையைச் செலுத்தினால், அலை குழாயின் சுவரை ஒட்டிக்கொண்டு ஓடும். ஓடுகிற வழியில் வாயுவிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கும். அந்த எலெக்ட்ரான்கள் இருப்பதால்தான் அலைக்கு மேற்கொண்டு ஓட வழி கிடைக்கும். சக்தி கரையக் கரைய ஓரிடத்தில் நின்றுவிடும். வெளிச்சமும் அங்கேயே முடிந்துபோகும். அந்த வெளிச்சத்துக்குள் நைட்ரஜன் மூலக்கூறுகள் அதிரும், ஒன்றையொன்று முட்டி அதிர்வைக் கைமாற்றும், சில உடைந்து தனித்தனி அணுக்களாகும். அணுக்கள் சுவரில் போய் ஒட்டி, ஜோடி சேர்ந்து, மறுபடி மூலக்கூறாகத் திரும்பி வரும். அலை, எலெக்ட்ரான், வேதிவினை, வெப்பம் என்று ஒன்றை விட்டு ஒன்று நிற்காத நாலையும் சேர்த்து ஒரே கணக்காகக் கட்டியதுதான் பிரவீனாவின் ஆராய்ச்சி. குழாயை அவள் கண்ணால் பார்த்ததில்லை. வடக்கே ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் பேராசிரியர் யதிராஜன் அதை ஓட்டி, அளந்த எண்களை அனுப்பியிருந்தார்.

எலெக்ட்ரான் அடர்த்தி பொருந்தியது. வெப்பம் பொருந்தியது. அணுக்களின் எண்ணிக்கை மட்டும் பொருந்தவே இல்லை. அவர் அளந்ததில் மூன்றில் ஒரு பங்குதான் அவள் கணக்கில் வந்தது. தப்பு தன்னுடையதுதான் என்று நினைத்து ஒரு வருஷம் முழுக்கத் தன் புரோகிராமை வரி வரியாகத் துருவினாள். சாப்பாடு இறங்கவில்லை, தலைமுடி கொட்டியது. கடைசியில் ஒரு நாள் வேறு எதற்கோ அவர் அனுப்பிய, ஸ்பெக்ட்ரம் என்னும் நிறமாலைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, புற ஊதாப் பக்கத்தில் சின்னச் சின்ன மேடுகள் கண்ணில் பட்டன. நைட்ரிக் ஆக்ஸைடு. சுத்தமான நைட்ரஜனில் ஆக்ஸிஜன் எங்கிருந்து வரும்? குழாயில் வெளிக்காற்று கசிந்திருக்கிறது. துளி ஆக்ஸிஜன் போனாலும் அது சுவரில் படிந்துகொள்ளும், அணுக்கள் அங்கே ஜோடி சேர முடியாமல் உள்ளேயே தங்கிப்போகும். அதனால்தான் அங்கே அத்தனை அணுக்கள்.

இதை அப்படியே தீசிஸின் ஐந்தாம் அத்தியாயத்தில் எழுதினாள். படத்தில் அவர் அளந்தவை புள்ளிகள், அவள் கணக்கு கோடு; அந்தக் கோட்டைப் புள்ளிகளுக்குக் கீழே விழுந்த இடத்திலேயே வைத்தாள். "இருக்கட்டும். யார் படிக்கப் போறாங்க" என்று ராஜகோபால் கையெழுத்துப் போட்டுவிட்டார். தேர்வாளராக யதிராஜனையே ஏற்பாடு செய்ததும் அவர்தான். இதே ஆராய்ச்சியைப் பற்றிப் பத்திரிகைக்கு அனுப்பிய கட்டுரையில் யதிராஜனின் பெயரைப் போட்டால் தேர்வாளராக வர முடியாது என்று, கடைசி வரியில் நன்றி மட்டும் சொல்லியிருந்தார்கள்.

யதிராஜனுக்குப் பூர்வீகம் சின்னக் காஞ்சிபுரம்தான். அன்று கோயில் வாசலில் காருக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருந்தவளைப் பார்த்ததும், நெற்றியில் ஈரம் காயாத நாமத்தோடு சிரித்தார்.

"நீதானா அது. எந்தத் தெரு?"

"ஐயம்பேட்டை சார்."

"ஐயம்பேட்டையில எந்தப் பக்கம்?"

முதல் கேள்வி வழி கேட்பது. இரண்டாவது எதற்கு என்று காஞ்சிபுரத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அவள் சொன்னாள். அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "பேஷ், நன்னா முன்னுக்கு வந்திருக்கே" என்றார், தராசில் எதையோ நிறுத்துப் பார்த்தவர்போல.

அவள் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின் சீட்டில் ராஜகோபாலுக்குப் பக்கத்தில் யதிராஜன் மந்தார இலையில் சுற்றிய கோயில் இட்லியைப் பிரித்தார். சுக்கும் மிளகும் நெய்யும் சேர்ந்து காருக்குள் வாசனை நிரம்பியது. வைத்துச் சாப்பிட மடியில் ஏதாவது வேண்டியிருந்தது. பையிலிருந்து அவளுடைய தீசிஸை எடுத்து, புரட்டிக்கொண்டிருந்த பக்கத்தை அப்படியே விரித்து, இலையை அதன்மேல் வைத்தார். டிரைவருக்கு மேலே இருந்த கண்ணாடியில் பிரவீனா பார்த்தாள். ஐந்தாம் அத்தியாயம். கார் குலுங்கும்போதெல்லாம் இலை ஓரத்தில் நெய் ஒழுகிப் படத்தின் மேல் பரவியது. அவர் விரலால் அதை வழித்து, விரலை நக்கிக்கொண்டார்.

அதுவரை பிடித்த வாசனைதான். கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளிப்பக்கமாக மூச்சு விட்டாள்.

பட்டுக் கடையில் வெள்ளை மெத்தை விரிப்பில் மூவரையும் உட்கார வைத்தார்கள். விற்பனையாள் புடவை புடவையாக உதறிப் போட்டான். யதிராஜன் ஒரு முந்தானையைத் தேய்த்துப் பார்த்து, "நீ சொல்லேன், இது அசல் ஜரிகைதானா?" என்று அவளைக் கேட்டார்.

"எங்க வீட்ல தறி இல்ல சார். எனக்குத் தெரியாது."

"சரி, தெரிஞ்சதைக் கேக்கறேன்" என்று சிரித்தார். "பேப்பர்ல உன் கோடு எல்லாப் புள்ளியிலயும் ஜம்முனு போறதே. தீசிஸ்ல மட்டும் ஏன் கீழே கிடக்கு?"

பிரவீனாவுக்குப் புரியவில்லை. பேப்பர் அச்சாகிவிட்டது என்பதே அவளுக்குத் தெரியாது. அம்மாவின் ஆபரேஷனுக்கு அவள் ஊருக்கு வந்திருந்தபோது பத்திரிகையிலிருந்து சின்னத் திருத்தம் கேட்டிருக்கிறார்கள், நானே பார்த்துக்கொண்டேன் என்று ராஜகோபால் சொன்னது ஞாபகம் வந்தது. அவர் பக்கம் திரும்பினாள்.

ராஜகோபால் ஒரு புடவையின் மடிப்பை நீவிவிட்டுக்கொண்டே பேசினார். "ஏன் பொருந்தலைன்னு, கட்டுரையைச் சரிபார்க்கற ரெஃப்ரீ குடைஞ்சான்மா. சுவர்ல எத்தனை அணு ஜோடி சேருதுங்கற எண் இருக்கில்ல, அதை நீ குழாய் முழுக்க ஒண்ணா வெச்சிருந்தே. நான் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒண்ணு வெச்சேன். கோடு கச்சிதமா வந்துடுச்சு."

"ஒரே குழாய் சார். ஒரே குவார்ட்ஸ்."

"வெப்பம் மாறுது, அதனால சுவரும் மாறும்னு ரெண்டு வரி எழுதினேன். அந்த எண்ணையெல்லாம் ஒரு அட்டவணையா போட்டேன். அவனுக்கு ரொம்ப சந்தோஷம். உன் பேர்தான் முதல்ல இருக்கு."

"அது கணக்கே இல்ல சார். புள்ளியைப் பார்த்துப் பார்த்து எண்ணை எழுதியிருக்கீங்க."

"எல்லாரும் செய்யறதுதான்" என்றார் யதிராஜன். "திங்கக்கிழமைக்குள்ள அந்த ஒரு படத்தை மாத்தி ஒட்டிடு. கசிவு அது இதுன்னு ஒரு பத்தி எழுதியிருக்கியே, அதையும் எடுத்துடு. என் லேபை நீ பார்த்திருக்கியா?"

"இல்ல சார். நீங்க அனுப்பின ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்தேன்."

அவர் கையிலிருந்த முந்தானையைக் கீழே வைத்தார். கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை. தன் வீட்டுப் பிள்ளையிடம் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கசிவுதான். எனக்கு அப்பவே தெரியும். பம்பை நிறுத்தினா பிரஷர் கேஜ் ஏறிண்டே இருந்தது. அந்த வருஷம் எங்களுக்கு ரிவ்யூ. பிரிச்சு மாட்ட நேரம் இல்லை. எல்லா லேப்லயும் கசியும்மா."

அப்பவே தெரியும். பிரவீனாவுக்கு அந்த இரண்டு வார்த்தைக்கு மேல் காது கேட்கவில்லை. அவள் தன் புரோகிராமைத் துருவிக்கொண்டிருந்த வருஷம் முழுக்க இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. தப்பு எங்கே சார் இருக்கும் என்று அவள் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம், 'உங்கள் கணக்கை மீண்டும் சரிபார்க்கவும்' என்று பதில் எழுதிய விரல்கள் இதோ ஜரிகையைத் தடவிக்கொண்டிருக்கின்றன. நகக்கண்ணில் இன்னும் நெய் மினுமினுத்தது.

விற்பனையாள் இரண்டு அட்டைப் பெட்டிகளைக் கொண்டுவந்தான். ஒன்றை யதிராஜனின் மனைவிக்கு என்று ராஜகோபால் அவரிடம் கொடுத்தார். இன்னொன்றை பிரவீனாவின் மடியில் வைத்தார். அரக்கு நிறம், பச்சைக் கரை.

"வைவாவுக்குக் கட்டிக்கோ. என் பொண்ணா இருந்தா வாங்கித் தர மாட்டேனா?"

அவர் கண் நிஜமாகவே கலங்கியிருந்தது. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. நடிப்பாக இருந்திருந்தால் திட்டிவிட்டு வந்திருக்கலாம். பெட்டியை விரிப்பில் இறக்கிவிட்டு எழுந்து வெளியே வந்தாள். கடைக்குப் பக்கத்துச் சந்தில், சாயத்தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்த சாக்கடை ஓரத்தில் நின்று குமட்டினாள். ஒன்றும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தெருக்குழாயில் வாயைக் கொப்பளித்தாள், கையைக் கழுவினாள், மறுபடி கழுவினாள்.

திரும்பி உள்ளே போய், நின்றபடியே சொன்னாள். "புடவை வேணாம் சார். படத்தையும் மாத்த மாட்டேன்."

ராஜகோபால் அடிபட்டவர்போலப் பார்த்தார். யதிராஜன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா கேட்டார், "இன்னாமா, பெரியவங்களை ஊட்டாண்ட இட்டுக்கினு வர்லியா?"

"வர்லபா." தட்டில் சோற்றை அளைந்துகொண்டே நடந்ததைச் சொன்னாள். அணு, சுவர் எதுவும் சொல்லவில்லை. என் பேரில் பொய் எழுதியிருக்கிறார்கள், அதை நானும் எழுதச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னாள்.

தனசேகரன் சொம்பில் தண்ணீர் எடுத்து அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "திங்கக்கிழமை வரிக்கும் வாய மூடிக்கினு இருமா. பட்டத்த வாங்கிக்கினு அப்பறம் பேசு. நம்பளுக்கு யாரு கீறாங்க?"

அவளுக்கு அப்பா மேல் கோபம் வந்தது. உடனே அது தன் மேலேயே திரும்பியது. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

திங்கட்கிழமை சாதாரண நூல் புடவை கட்டிக்கொண்டு போனாள். துறை நூலகத்தில் அன்றுதான் வந்திருந்த பத்திரிகையிலிருந்து அந்தப் படத்தை டிரான்ஸ்பரன்சியில் நகல் எடுத்து, ஐந்தாம் அத்தியாயத்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துத் திரையில் போட்டாள். அறையில் ஆசிரியர்களும் மாணவர்களுமாக நிறையப் பேர் இருந்தார்கள்.

"இடது பக்கம் என் கணக்கு. வலது பக்கம் என் பேரில் அச்சானது. வலது பக்கத்துல இருக்கற சுவர் எண்களை நான் போடலை. அது எந்த அளவீட்டுலயும் கிடையாது" என்றாள். நைட்ரிக் ஆக்ஸைடு மேடுகளையும் காட்டினாள். அதோடு எல்லாம் உடையும், பட்டம் போய்விடும் என்றுதான் நினைத்தாள். அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

ஒன்றுமே உடையவில்லை. ராஜகோபால் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின் வரிசையில் யாரோ இருமினார். யதிராஜன், "சுவாரசியமான விவாதம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, மேற்கோள் பட்டியலில் ஒரு எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டினார். வேறு கேள்வி கேட்கவில்லை. மிகச் சிறப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவள் சொன்னது, ஊறப்போட்ட துணிமேல் ஊற்றிய தண்ணீர்போல எங்கேயும் தேங்காமல் போய்விட்டது. வெளியே மைசூர்பாகு கொடுத்தார்கள். யதிராஜன் தின்ற கையோடு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். "டாக்டர் பிரவீனா" என்றார். உள்ளங்கையில் பிசுபிசுப்பு ஒட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பட்டமளிப்புக்கு அவள் போகவில்லை. அப்பாதான் வருத்தப்பட்டார். அந்தக் கட்டுரையைத் திருத்த வேண்டும் என்று பத்திரிகைக்கு எழுதினாள். கட்டுரையை எழுதிய இருவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்று பதில் வந்தது. ராஜகோபாலிடம் போனபோது அவர் காபி வரவழைத்தார். "எனக்கு ரிட்டயராக இன்னும் கொஞ்ச நாள்தான்மா இருக்கு" என்றார். கையெழுத்துப் போடவில்லை. காபியை அவள் தொடவில்லை. அதற்குப் பிறகு எந்த ஆராய்ச்சிக்கூடத்துக்கு விண்ணப்பித்தாலும் கைடின் சிபாரிசு எங்கே என்று கேட்டார்கள். காஞ்சிபுரத்துக்கு வெளியே ஒரு பொறியியல் கல்லூரியில் முதல் வருஷத்துக்கு இயற்பியல் நடத்தச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு அவளைப் பிடித்திருந்தது.

இரண்டு வருஷம் கழித்து முதல் மின்னஞ்சல் வந்தது. ஏதோ ஒரு வெளிநாட்டு மாணவன். உங்கள் அட்டவணையில் இருந்த சுவர் எண்கள் எங்கள் மாடலுக்குப் பெரிய உதவி, நன்றி என்று எழுதியிருந்தான். கல்லூரி லேபில் உட்கார்ந்து அதைப் படித்தாள். அந்த எண்களை எடுக்காதீர்கள், அவை யாரும் அளந்தவை அல்ல, அந்தக் குழாய் கசிந்தது என்று விவரமாகப் பதில் எழுதினாள். நிறமாலைப் படத்தையும் இணைத்தாள். பிறகு இன்னொன்று வந்தது, பிறகு இன்னும் சில. தேடிப் பார்த்தால், எழுதாமலே எடுத்துக்கொண்டவர்கள் அதைவிட அதிகமாக இருந்தார்கள். கண்டுபிடித்த ஒவ்வொருவருக்கும் எழுதினாள். பெரும்பாலானவர்கள் பதில் போடவில்லை.

ஒருவர் போட்டார். எங்கோ ஒரு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், மரியாதையான மனிதர். உங்கள் நேர்மையை மதிக்கிறேன், ஆனால் கவலைப்படாதீர்கள், அந்த எண்களைப் போட்டபோது எங்கள் கோடும் எங்கள் அளவீட்டோடு மிக நன்றாகப் பொருந்தியது என்று எழுதியிருந்தார்.

பிரவீனா அதை இரண்டு முறை படித்தாள். லேபில் மாணவர்கள் ஊசல் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். யாரோ சந்தேகம் கேட்டு "மேம்" என்றார்கள். போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். உட்கார்ந்து, உங்கள் குழாயில் கசிவு இருக்கிறதா, புற ஊதாப் பக்கம் பார்த்தீர்களா என்று அவருக்கு எழுத ஆரம்பித்தாள்.