எட்டுப் பொருத்தம்

கார்டு பொருந்தினால் மகள் வருவாள், மூன்று நாள் தங்குவாள். பொருந்தாவிட்டால் வரமாட்டாள். விஷயம் இவ்வளவுதான். மற்றதெல்லாம் வாட்டும் ஒயரும்.

அவள் வேறு ஊரில், கார்ட்டூன் படம் செய்கிற கம்பெனியில் இருக்கிறாள். சொந்தமாக ஆறு நிமிஷப் படம் ஒன்று செய்து வைத்திருந்தாள். அதைக் கடைசியாகப் படமாக்கி எடுக்க அவளுடைய லேப்டாப்புக்குத் திராணி இல்லை. என் வீட்டுக் கூடத்தில் ஒரு பழைய சர்வர் கிடக்கிறது. முப்பது வருஷம் நான் குப்பை கொட்டிய சர்வர் அறையிலிருந்து, ஆபீஸ் வேண்டாமென்று ஒதுக்கியபோது தூக்கி வந்தது. பெயர் கும்பகர்ணன். எழுப்ப ஐந்து நிமிஷம் ஆகும், எழுந்துவிட்டால் வீடே அதிரும். ராத்திரியிலும் அணைக்க மாட்டேன்.

"அப்பா, ஒரு கிராபிக்ஸ் கார்டு வாங்கியிருக்கேன். கும்பகர்ணனுக்குப் பொருந்துமா? பொருந்தினா அங்கயே வந்து முடிச்சிடறேன்" என்றாள்.

மாசத்துக்கு ஒரு போன் பண்ணுகிற பெண், அன்றிலிருந்து தினமும் கூப்பிட்டாள். கார்டு எவ்வளவு நீளம் என்று கேட்டேன். மறுநாள் அளந்து சொன்னாள். எவ்வளவு தடிமன் என்றேன். அதற்கு ஒரு நாள். எத்தனை வாட் இழுக்கும், அதற்கு இன்னொரு நாள். மாடல் நம்பரை மட்டும் கேட்டிருந்தால் எல்லாமே ஒரே போனில் முடிந்திருக்கும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேண்டுமென்றேதான் பத்து நாள் இழுத்தேன். நடுநடுவே சாப்பிட்டீங்களா என்று வேறு கேட்டாள். அதை இழக்க எனக்கு மனசு வரவில்லை.

பதினோராம் நாள் கார்டு கூரியரில் வந்தது. உடையாமலிருக்கத் தன் பழைய நீல ஸ்வெட்டரைச் சுற்றி அனுப்பியிருந்தாள். கும்பகர்ணனின் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தேன். நீளம் சரி, இரண்டு விரல் மிச்சம். ஸ்லாட்டும் சரி. கரண்ட் கொடுக்கிற ஒயர் மட்டும் இந்த சர்வருக்கென்றே தனியாக வரவழைக்க வேண்டியது. இழுத்த இழுப்பில் அதை மறந்தே போனேன். இனி சொன்னால் வர ஒரு வாரம் ஆகும். அவளோ மறுநாள் காலையில் பஸ் ஏறுகிறாள்.

ஒயர் டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன். எட்டு ஓட்டை உள்ள ஒயர் ஒன்று கிடைத்தது. கார்டிலும் எட்டு முள். "எட்டைப் பார்த்து ஏமாறாதே, மீட்டரை வைத்துப் பார்" என்று சர்வர் அறையில் என்னிடம் வேலை பார்த்த எல்லோர் காதிலும் ஓதியவன் நான். பிராசஸருக்குப் போகிற ஒயரிலும் எட்டுதான். ஆனால் கரண்ட் வர வேண்டிய பக்கம் எர்த், எர்த் வர வேண்டிய பக்கம் கரண்ட். இத்தனைக்கும் அவள் அம்மாவுக்கும் எனக்கும் பத்துக்கு எட்டுப் பொருத்தம் என்றார்கள். மனைவி பிரிந்து போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. எட்டை நம்பிக் கெட்டவனுக்கு எட்டைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டாமா?

மீட்டர் கை எட்டுகிற தூரத்தில், மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. நான் எடுக்கவில்லை. அன்று நான் சந்தோஷமாக இருந்தேன், அதுதான் காரணம். அவள் அறையைப் பெருக்கி, தலையணைக்குப் புது உறை போட்டு, குளியலறையில் இரண்டாவது துண்டும் தொங்கவிட்டாயிற்று. ஒயர் சுலபமாக நுழையவில்லை. கொஞ்சம் அழுத்தினேன், போய்விட்டது.

சுவிட்சைப் போட்டேன். டப்பென்று ஒரு சத்தம். கருகிய வாடை. கார்டோடு கும்பகர்ணனும் போய்விட்டான்.

சாயங்காலம் அவளே கூப்பிட்டாள். "பேக்கிங் முடிஞ்சதுப்பா. கார்டு ஓடுதா?"

"போச்சும்மா. தப்பான ஒயரைச் சொருகிட்டேன். என் தப்புதான்."

திட்டியிருந்தால் தேவலை. "பரவால்லப்பா. விடுங்க. இங்கயே யார்கிட்டயாவது மெஷின் கேட்டுப் பார்க்கறேன். டிக்கெட்டை கேன்சல் பண்ணிடறேன்." பிறகு, "என்னப்பா, அங்க சத்தமே இல்ல?"

"கும்பகர்ணனும் அவுட்."

"அப்பாடா! இனிமேலாவது நிம்மதியாத் தூங்குவீங்க."

அந்தச் சத்தம் இருந்ததால்தான் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? நான் சொன்னதில்லையே.

"சும்மாவாச்சும் வாயேம்மா" என்றேன்.

"சும்மாவா?" நிஜமாகவே புரியாமல் கேட்டாள். "சும்மா வந்து என்னப்பா பண்றது?"

அவளைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவள் ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் ஏதாவது ரிப்பேர் என்றால்தான் நான் போவேன். ஃபேனைச் சரி பண்ணுவேன், லேப்டாப்பைச் சரி பண்ணுவேன், அடுத்த பஸ்ஸைப் பிடிப்பேன். சும்மா போனதே கிடையாது.

"சரிப்பா, வெச்சிடட்டுமா?"

ஸ்வெட்டர் என் மடியில் இருந்தது. "இரும்மா, ஒண்ணு கேக்கணும். அந்தக் கார்டுக்கு கேரண்டி இருக்கா?"

"தெரியலையே. பில்லைத் தேடிப் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேம்பா."

"அவசரமில்ல. மெதுவாப் பாரு" என்றேன். தப்பான ஒயர் சொருகிக் கருகிய கார்டுக்கு எந்தக் கேரண்டியும் செல்லாது. முப்பது வருஷமாக எனக்கு அது தெரியும்.