புறாவுக்குப் பின்னால் இருந்த வரைபடம்

1

"நடுப்பக்கம் எங்கம்மா?"

"எந்த நடுப்பக்கம்? எனக்கு என்னத்துக்குட்டி ஒனக்க நடுப்பக்கம்?"

"பின்னு ரெண்டும் அப்பிடியே இருக்கு, தாளு மட்டும் இல்ல. காலு மொளச்சா எறங்கிப் போச்சு?"

"ஏட்டி, சத்தத்தக் கொற. மதிலுக்கு அப்பறம் ஆளு நிக்குது."

மதிலுக்கு அப்புறம் நின்ற ஆள் நான்தான். கறிவேப்பிலை பறிக்கும் சாக்கில் அங்கே நின்றபோது கிடைத்ததுதான் இந்தக் கதை. (கறிவேப்பிலை மரம் எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்னொரு மூலையில் நிற்கிறது. அதை யாரும் கேட்கவில்லை.)

முதலில் வேறு மாதிரிதான் தொடங்கினேன்: 'குலசேகரத்து ரப்பர் மரங்களின் மேல் அன்று மழை' என்று எழுதி நிறுத்திவிட்டேன். மழையில் தொடங்கும் கதையை நானே படிப்பதில்லை. சண்டையே இருக்கட்டும்.

2

கணவரை இழந்த ஜெபகனி அக்காவின் ஒரே மகள் ஜாஸ்பின். வீட்டிலிருந்தபடியே ஒரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறாள். மிச்ச நேரமெல்லாம் பழைய வீடியோ கேம் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து இணையத்தில் ஏற்றுவாள். அவள் பள்ளிக்கூடம் போன காலத்தில் 'பிக்சல் படை' என்று தமிழில் ஒரு மாத இதழ் வந்தது. ஒரு வருடம்கூட ஓடவில்லை. நடத்தியவர்களிடமே இப்போது ஒரு பிரதி கிடையாதாம். இவளிடம் எல்லா இதழும் இருந்தன, பரண் மேல், அரிசிச் சாக்கில்.

இந்த இடத்தில், 'முப்பது கழிந்தும் கல்யாணமாகாத ஏக்கத்தில் அவள்' என்று ஒரு வாக்கியம் எழுத ஆரம்பித்தேன். அது எங்கள் தெரு சொல்லித் தரும் வாக்கியம். வெட்டாமல் பாதியிலேயே விட்டிருக்கிறேன், தெருவுக்கும் பங்கு வேண்டுமே. அவள் வேலை செய்வதை ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள் அதை எழுதி முடிக்க மாட்டார்கள். மொக்கைக் கத்தியால் பின்னை நெம்பி எடுப்பாள், தாளில் ஒரு கீறல் விழாது. முகத்துக்குப் பவுடர் போடும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டுவாள். பின்பக்கத்து அச்சு ஊடுருவித் தெரியாமல் இருக்க, தாளின் முதுகில் கறுப்பு அட்டை வைத்து ஸ்கேனர் கண்ணாடியில் கவிழ்ப்பாள். ஒரு பக்கம் சரியாக வரவில்லை என்றால் திரும்பவும், திரும்பவும். அவ்வளவு பொறுமையோடு எங்கள் தெருவில் யாரும் பிள்ளைகூட வளர்த்ததில்லை.

அவளுக்கு ஒரு கண்டிப்பு உண்டு.* தூசியும் பூஞ்சைக் கறையும் போகலாம். வாசித்தவன் போட்ட கிறுக்கல், எழுதிய பேர், கதாநாயகனுக்கு வரைந்த மீசை எல்லாம் அப்படியே இருக்க வேண்டும். "அதும் பத்திரிகைக்க கததான்" என்பாள்.

(* இதை அடிக்குறிப்பாகப் போட நினைத்தேன். ஆனால் பின்னால் வரப்போகும் வம்பெல்லாம் இதனால்தான் என்பதால் மேலேயே ஏற்றிவிட்டேன்.)

3

காணாமல் போனது ஐந்தாம் இதழின் நடுத்தாள். ஒரு விளையாட்டில் வரும் கோட்டையின் முழு வரைபடம், இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து விரிந்தது. வாசலுக்கு வாசல் கொம்பு வைத்த காவலர்கள். எங்கெங்கோ விசாரித்துவிட்டாள், உலகத்தில் வேறு எவரிடமும் அந்தத் தாள் இல்லை. அது இல்லாவிட்டால் 'பிக்சல் படை' என்றைக்கும் குறைப் பிள்ளைதான்.

மதியம் கஞ்சி குடிக்கும்போது ஜெபகனி அக்காவே வாயைத் திறந்தாள்.

"அதுக்க பொறத்த புறா படம் இருந்துதா?"

"ஒரு பக்கம் புறா. கம்ப்யூட்டர் கிளாஸ் விளம்பரம். மத்த பக்கம் லில்லிப் பூ, வாழ்த்து அட்டைக் கடை."

"அப்பம் அது நான்தான். நல்ல வழுவழு தாளுன்னு ரெண்டாக் கீறி, சர்ச்சு பாட்டுப் புஸ்தகத்துக்கு அட்ட போட்டேன். லில்லி எனக்கு. புறா ராஜையன் அண்ணனுக்கு."

ஜாஸ்பின் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அம்மாவுக்கு அந்த நேரம் ராஜையனின் முகம்தான் கண்முன் வந்தது. (இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சாயங்காலமே மதிலோரம் வந்து அவளே சொன்னாள்.)

ராஜையன் சபையின் செயலர். மனைவி போன பிறகு இன்னும் கண்டிப்பாகிவிட்டவர். போன மாத ஜெபக்கூட்டத்தில்தான், "கேமு பிசாசுக்க பள்ளிக்கூடம்" என்று முக்கால் மணி நேரம் பேசினார். அவர் கையில் இருபது வருடமாகப் பாட்டுப் புத்தகத்தை அணைத்துக்கொண்டிருப்பது கொம்பு வைத்த காவலர்கள். பெண்கள் ஐக்கியத்தின் தலைவி ஜெபகனி அக்காவே தன் கையால் ஒட்டிக் கொடுத்தது.

"வெளிய தெரிஞ்சா நான் பின்ன சர்ச்சுக்க படி ஏற முடியுமாட்டி? நாணக்கேடு."

"அம்மா, அந்தத் தாளு ஒலகத்துல ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு."

"எனக்க மானமும் ஒண்ணுதான் மக்கா."

4

இங்கே கதை எனக்கு ஒரு நாள் நின்றுபோனது. ஜாஸ்பின் ஞாயிற்றுக்கிழமை புத்தகத்தை நைசாக மாற்றி வைப்பதாக எழுதிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவள் அப்படிப்பட்டவள் இல்லை. ராஜையன்மேலும் சந்தேகம் வந்தது. கண்டிப்பான சபைச் செயலர், விறைத்த வெள்ளைச் சட்டை... இந்த மாதிரி ஆளைக் கதைகளில் நிறையப் பார்த்தாயிற்று. மாற்றலாமென்று பேனாவை எடுத்தேன். அதற்குள் அவரே மாறிவிட்டார்.

5

நடந்தது இது. மகள் முகத்தை மூன்று நாள் பார்த்துவிட்டு ஜெபகனி அக்காவே கிளம்பினாள். புது அட்டை போட்டுத் தருவதாகச் சொல்லிப் புத்தகத்தை வாங்கிவிடுவது என்று திட்டம். கைப்பையில் பூப்போட்ட காகிதமும் அளவுக்குத் தன் பாட்டுப் புத்தகமும், பக்கத்தில் ஜாஸ்பின்.

"அட்ட நல்லாத்தானே இருக்கு" என்றார் ராஜையன். புத்தகத்தைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"புறா மங்கிப் போச்சு அண்ணே."

"மங்கட்டும். எனக்கு இது மதி, இதே போதும்."

"தாருங்க அண்ணே, நான் புதுசு ஒட்டி—"

"வேண்டாம்னா விடணும், ஜெபகனி." பிறகு குரலைத் தணித்தார். "உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சிட்டுதான் ஒட்டினியா?"

ஜெபகனி அக்கா கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இருபது வருட மானம் அந்த வராந்தாவில் கிடந்தது. ஜாஸ்பின்தான், "அம்மைக்குத் தெரியாது மாமா, புறாவ மட்டும்தான் பாத்தா" என்றாள்.

ராஜையன் வாசல் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அப்பம் எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த மூணாவது வாசலு கழிஞ்சா பாத எங்க போவுது?"

"என்ன?"

"ஓரத்துல வந்து தாளு முடிஞ்சிருது மக்கா. எத்தன வருஷமாட்டுப் பாக்கியேன்!"

அட்டையின் மடிப்பைப் பிரித்தார். கோட்டை முழுக்கப் பென்சில் கோடு. முட்டுச் சந்தில் போய் மோதித் திரும்பி, அழித்து, மறுபடி போட்டு, மூன்று வாசல் தாண்டி வெட்டுப்பட்ட விளிம்பில் வந்து நிற்கிறது.

"அண்ணே, பிரசங்கத்துக்க எடையிலயா?"

"எல்லாப் பிரசங்கமும் இல்ல. நீளமான பிரசங்கம் மட்டும்."

ஜெபகனி அக்கா கைப்பையிலிருந்து தன் பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள். லில்லிப் பூவை உரித்துத் திருப்பிப் பக்கத்தில் வைத்தாள். விளிம்போடு விளிம்பு சேர்ந்தது. ராஜையன் விரல் மூன்றாம் வாசலில் கிளம்பி, எல்லையைத் தாண்டி, லில்லியின் முதுகுக்குள் போய், கடைசி வாசலில் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவளும் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது, அடக்க முடியாத சிரிப்பு.

6

முடிவுக்குத்தான் ஆபத்து. தாளை ஜாஸ்பின் கையில் கொடுக்கும்போது ராஜையன் சொன்னார்:

"பென்சில மட்டும் அழிச்சிரு மக்கா. போதகருக்க மோன் இதெல்லாம் பாக்கிற பையன். பொறத்த புறாவப் பாத்தா எனக்க கோடுன்னு கண்டுபிடிச்சிருவான்."

ஜாஸ்பின் இரண்டு தாளையும் கசங்காமல் வாங்கிக்கொண்டாள். அவளுடைய கண்டிப்பு உங்களுக்குத் தெரியும்.

(அ) அழித்தாள். அவர் மானம் பிழைத்தது. அவள் ஏற்றியவற்றில் முதல் பொய் அந்தப் பக்கம்தான்.

(ஆ) அழிக்கவில்லை. எங்கோ ஒரு நாட்டில் யாரோ, தமிழ் தெரியாத ஒருவர், முட்டுச் சந்துகளில் அலைந்த அந்தக் கோட்டின் பின்னாலேயே போய்க்கொண்டிருக்கிறார்.

(இ) தெரு விரும்பிய முடிவு: புறாவும் லில்லியும் சேர்ந்த மாதிரி செயலரும் அக்காவும்... இதை எழுத எனக்குக் கை துறுதுறுத்தது. ஒத்துக்கொள்கிறேன்.

பக்கம் இணையத்தில் இருக்கிறது. நான் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். சொல்ல மாட்டேன். இந்தத் தெருவில் ஒரு விஷயம் தெரிந்தும் நான் வாயைத் திறக்காதது இதுதான் முதல் தடவை. நீங்களே முடித்துக்கொள்ளுங்கள்.

7

ஜாஸ்பின், தன்னைப் போலவே பழைய பத்திரிகை ஸ்கேன் செய்கிற பிரபின் என்ற தூத்துக்குடிப் பையனைக் கட்டிக்கொண்டு பெங்களூருக்குப் போனாள். ராஜையன் மஸ்கட்டில் இருக்கும் மகளிடம் போய்விட்டார். ஜெபகனி அக்கா யாரையும் கட்டவில்லை, எங்கும் போகவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மஸ்கட்டிலிருந்து அவளுக்கு ஒரு போன் வருகிறது. மதில் உயரம் போதாது என்று போன வாரம் ஆள் வைத்து இரண்டு வரி கல் ஏற்றிவிட்டாள்.