எட்டு சிலிண்டர் மௌனம்

டெக்சாஸில் இருக்கும் கேட்டி என்ற ஊரில் எங்கள் தெருக்கோடி வீட்டு ராமசுப்ரமணியன் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் இரண்டு காரியம் செய்தார். வீட்டிலிருந்த டொயோட்டாவைக் கலிஃபோர்னியாவில் லிவர்மோரில் இருக்கும் மகள் மானஸாவுக்கு அனுப்பிவைத்தார். அறுபத்தெட்டாம் வருஷத்து மஸ்டாங் கார் ஒன்றை வாங்கிவந்து கராஜில் நிறுத்தினார். வெளியே பார்த்தால் பாயத் தயாரான சிறுத்தை. உள்ளே இருந்தது ஆறு சிலிண்டர் எஞ்சின், சுபாவத்தில் பசுமாடு.

அதில்தான் அவரும் மனைவி பர்வதமும் ஞாயிறுதோறும் பேர்லண்டில் உள்ள மீனாக்ஷி கோயிலுக்குப் போய்வந்தார்கள். வலது ஓரத்து லேனில் பேசிக்கொண்டே போவார்கள். பிக்கப் டிரக்குகள் ஹாரன் அடித்துவிட்டுத் தாண்டும். அதையெல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை. ஆனால் ஒருநாள் முழு வீடு ஒன்றைத் தூக்கி வைத்துக்கொண்டு போன டிரெய்லர் அவரை முந்தியது. வீட்டு ஜன்னலில் திரைச்சீலைகூட ஆடிக்கொண்டிருந்தது என்று பர்வதம் சொன்னாள். ஒரு வீடு தன்னை ஓவர்டேக் செய்ததை அவரால் தாங்க முடியவில்லை.

பக்கத்துத் தெருவில் தர்மராசா இருக்கிறார். யாழ்ப்பாணத்துக்காரர், எண்ணெய்க் கிணறுகளில் வேலை பார்த்து ஓய்ந்தவர். எஞ்சினைத் தூக்கும் கிரேன் ஒன்று சொந்தமாக வைத்திருக்கிறார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது.

"எட்டு சிலிண்டர் போடலாம் ஐயா. ஆனா எஞ்சினை மட்டும் மாத்திப்போட்டுச் சும்மா இருக்கேலாது. முன் ஸ்பிரிங், பிரேக், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எல்லாம் மாத்த வேணும். பலத்தைக் கூட்டினா, அதைத் தாங்கிறதையும் கூட்ட வேணும். விளங்குதோ?"

"விளங்கறது, விளங்கறது. வேகமா போகுமா?"

"போகும். நிக்கிறதுதான் கேள்வி."

அந்தக் கோடை முழுவதும் அவர்கள் வேலை செய்தார்கள். நான் டார்ச் பிடித்தேன். பழைய எஞ்சின் முனகாமல் வெளியே வந்தது. புதியது உள்ளே இறங்கியபோது இரண்டு பக்கமும் ஓர் அப்பளம் செருக இடமில்லை. முதல் முறை ஸ்டார்ட் செய்தபோது தெருவிலிருந்த கராஜ் கதவுகளெல்லாம் தாமாகத் திறந்துகொண்டன. மிகைப்படுத்துகிறேன் என்று யாராவது சொல்லக்கூடும். எங்கள் வீட்டுக் கதவு திறக்கவில்லை. அதில் மோட்டார் பழுது.

ராமசுப்ரமணியன் வண்டியைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூஜை போடச் சொன்னார். அர்ச்சகர் தயங்கினார்.

"இந்த வண்டிக்குத்தான் அன்னிக்கே பண்ணியாச்சே மாமா?"

"வண்டி பழசுதான். எஞ்சின் புதுசோன்னோ."

அர்ச்சகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ பின்னாடி சக்கரத்துக்கு மட்டும் எலுமிச்சம்பழம் வெச்சாப் போறும்" என்று தீர்ப்புச் சொன்னார். வைத்த பழம் நசுங்கவில்லை, பறந்தது. அது போய் விழுந்த திசையில் ஒரு சர்ச் வாசலில் இப்போது எலுமிச்சை மரம் நிற்கிறது. நான் போய்ப் பார்க்கவில்லை. போய்ப் பார்த்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ராமசுப்ரமணியனுக்கு இருபது வயது குறைந்துபோனது. பர்வதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கூடப் போனாள். மூன்றாவது வாரம் முட்டி வலி என்றாள். அடுத்த வாரம் தலைவலி. பிறகு தோழி ஒருத்தியின் வண்டியில் சனிக்கிழமையே கோயிலுக்குப் போய்வர ஆரம்பித்தாள். வேகத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து அவர் மெதுவாக ஓட்டிப் பார்த்தார். மெதுவாக ஓட்டினால் அந்த எஞ்சின் இன்னும் சத்தமாகக் கோபித்துக்கொண்டது.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவர் கோயிலிலிருந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"ஓய், பர்வதம் லிவர்மோர் போறாளாம். மானஸாவுக்குப் பிரசவம், போகட்டும், வேண்டாங்கலை. ஆனா அதுக்கப்புறம் அங்கேயே இருந்துடப் போறாளாம். அர்ச்சகர் சொல்றார்! அவருக்குத் தெரியறது, எனக்குத் தெரியலை."

"அவங்களையே கேட்டுட வேண்டியதுதானே?"

"எங்கே வெச்சுக் கேக்கறது?"

"வீட்லதான்."

அவர் என்னை ஒரு விசித்திரப் பிராணியைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "ஆத்துல நாங்க பேசினதே இல்லையேய்யா."

பிறகு மெல்லச் சொன்னார். வந்த புதிதில் ஒற்றை பெட்ரூம் அபார்ட்மென்ட். ஆறு மாதம் இவருடைய அப்பா அம்மா வந்து இருப்பார்கள். அவர்கள் விமானம் ஏறினால் அவளுடையவர்கள் இறங்குவார்கள். நடுவில் குழந்தை. புருஷனும் பெண்டாட்டியும் வாய்விட்டுச் சண்டை போட அமெரிக்கா முழுவதிலும் இருந்த ஒரே அறை, கார். பால் வாங்கப் போகிறோம் என்று கிளம்பி, ஃப்ரீவேயில் ஒரு சுற்று சுற்றி, பேசித் தீர்த்துவிட்டுப் பாலை மறந்து திரும்புவார்கள். மானஸாவுக்குப் பெயர் வைத்தது, வீடு வாங்கத் தீர்மானித்தது, பர்வதத்தின் அம்மா போன செய்தியை இவர் சொன்னது, எல்லாம் காரில். பிறகு பெரிய வீடு வந்தது, பெரியவர்கள் போய்விட்டார்கள், பெண்ணும் போனாள். நாலு பெட்ரூம் காலியாகக் கிடந்தது. பழக்கம் மட்டும் மாறவில்லை.

"ஆத்துல, காபி வேணுமா, மாத்திரை போட்டுண்டாச்சா, அவ்வளவுதான். மத்ததெல்லாம் வண்டிக்குன்னு எடுத்து வெச்சுப்போம்."

கிரேன் போட்டு அந்தக் கராஜிலிருந்து நாங்கள் தூக்கி எடுத்தது வெறும் இரும்பு இல்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. டார்ச் பிடித்தவன் என்ற முறையில் எனக்கும் பங்கு உண்டு.

விஷயம் தெரிந்ததும், சத்தம் அடங்கட்டும் என்று தர்மராசா பெரிய சைலன்சராகப் பார்த்துப் பொருத்தினார். அதுவும் எஞ்சினோடு சேர்ந்து பாட ஆரம்பித்தது.

மறுநாள் காலை நடைக்குப் போனபோது அவர்கள் கராஜ் திறந்திருந்தது. எஞ்சின் அணைந்திருந்த வண்டிக்குள் இருவரும் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் ஷூ கயிறு அவிழ்ந்ததாக நினைத்துக் குனிந்தேன்.

"கிளம்பலையான்னா?"

"இல்லை. சும்மா பேசலாம்னு."

"நின்ன வண்டில எனக்குப் பேச்சு வரலை. ஜன்னல்ல ஏதாவது ஓடிண்டிருக்கணும்."

அவர், "அர்ச்சகர் சொன்னார்" என்றார்.

"உங்ககிட்டதான் முதல்ல சொல்லப் பாத்தேன். வாயைத் திறந்தா என் குரல் என் காதுக்கே கேக்கலை."

"அங்கேயே இருந்துடப் போறியா?"

"இங்கே இருந்து? யாரோட பேசறது நான், ரைஸ் குக்கரோடயா?"

"நானும் வரேன்."

"இந்த ராக்ஷசனையும் இழுத்துண்டா?"

"டிரைவ் பண்ணிண்டே போலாம் பர்வதம்."

"கலிஃபோர்னியா வரைக்கும் வாயை மூடிண்டா?"

இரண்டு நாளில் கிளம்பிவிட்டார்கள்.

வழியில் நடந்ததை இருவரும் தனித்தனியே போனில் சொன்னார்கள். இரண்டும் ஒத்துப்போகிறது, அதனால் நிஜமாகத்தான் இருக்கவேண்டும். அந்த எஞ்சினுக்கு நீண்ட தூரத்தில் அப்படி ஒரு தாகம் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை. ஒரு கேஸ் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பினால் அதன் விளக்குக் கம்பம் கண்ணாடியில் மறைவதற்குள் அடுத்ததைத் தேடவேண்டும். பெட்ரோல் போட எஞ்சினை அணைத்தாக வேண்டும். அணைத்தால் நிசப்தம். எதிரே ஃப்ரீவேயில் லாரிகள் ஓடிக்கொண்டே இருக்கும்.

சான் அன்டோனியோ தாண்டி முதல் வாக்கியத்தைப் பர்வதம் சொன்னாள். அவர் பதில் சொல்வதற்குள் டாங்க் நிரம்பிவிட்டது. பதிலை அடுத்த ஸ்டேஷனில் சொன்னார். நடுவில் யோசிக்க நேரம் கிடைத்ததால் வழக்கத்தைவிட நல்ல பதிலாக இருந்ததாம். மேற்கு டெக்சாஸ் முழுவதும் இவருடைய அம்மா விஷயம். எல் பாஸோவில் அவர் மன்னிப்புக் கேட்டார். அரிசோனாவில், டாங்க் நிறைந்திருந்தபோதும் பர்வதம் கை காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

போன வாரம் லிவர்மோரிலிருந்து அவள் கூப்பிட்டாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம்.

"அப்ப நீங்க அங்கேயே தங்கிடறீங்களா?" என்றேன்.

"ஐயோ, இல்லை. கோடை வந்தா திரும்பிடுவேன். அவர் மேல இருக்கற கோவத்துல பாதிதான் சொல்லி முடிச்சிருக்கேன். மீதிக்கு வர வழியில எத்தனை கேஸ் ஸ்டேஷன் இருக்கு!"