வண்டிக்கு அடியில் ஒரு வெள்ளை விரிப்பு

பழைய வண்டி விற்கும் அந்தக் கொட்டகைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் முதலில் சித்தப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அம்மாவைப் பார்த்து "வாங்கக்கா" என்றார். கடைசியாக மகளைப் பார்த்து, "பாப்பா, அந்த நாற்காலியில உக்காந்துக்கோ, ஃபேன் இருக்கு" என்றார்.

பாப்பாவுக்கு வயது இருபத்து மூன்று. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள், ரசாயனப் பட்டதாரி. தோளில் தொங்கிய பையில் ஒரு நோட்டு, ஒரு டார்ச், கடைசி வருடம் ஆய்வகத்திலிருந்து சொல்லாமல் எடுத்து வந்த வடிதாள் ஒரு கட்டு.

"வண்டிதான் உக்காந்துடக் கூடாது. நான் நின்னே பாத்துக்கிறேன்" என்றாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். அவரை அழைத்து வந்தது அம்மாவின் யோசனை. "ஒரு ஆம்பளை கூட நின்னா கொஞ்சம் அடக்கிப் பேசுவாங்க" என்று அம்மா சொல்லியிருந்தாள். சித்தப்பாவுக்கு வண்டியைப் பற்றித் தெரிந்தது ஒன்றே ஒன்று, டயரை உதைத்துப் பார்ப்பது. எத்தனையோ டயர்களை உதைத்திருக்கிறார். ஒன்றுகூட அவரிடம் உண்மையைச் சொன்னதில்லை.

வீட்டுத் தொழில் சலவை. அப்பா போன பிறகு அம்மா தனியாகவே இழுத்துப் பிடித்து வளர்த்த கடை. இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் அறுபது கட்டில்களுக்கும் விரிப்பு, உறை, திரைச்சீலை எல்லாம் அவர்களிடம் வருவதாகப் பேச்சு முடிந்திருந்தது. திங்கள்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் நடை. வாடகை வேன்காரன் ஏற்கெனவே இரண்டு முறை காலை வாரிவிட்டிருந்தான். "முதல் நாளே தாமதமானா வேற ஆளைப் பாத்துக்குவோம்" என்று ஆஸ்பத்திரி மேலாளர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். மூட்டைகளைப் படுக்கப் போட வேண்டும் என்றால் பின்பக்கம் நீண்ட எஸ்டேட் கார்தான் சரி. டீசல் என்றால் தினசரி ஓட்டத்துக்குக் கட்டுபடியாகும். இருந்த சேமிப்பு ஒரு வண்டிக்குத்தான் காணும். அது ஓட்டை வண்டியாக இருந்தால் இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இன்று சனிக்கிழமை.

போதாக்குறைக்கு உறவுக்காரர்கள். "பட்டம் வாங்கிட்டு அழுக்குத் துணி எண்ணுறா" என்று எந்த விசேஷ வீட்டிலும் யாராவது ஒருவர் சொல்லாமல் இருந்ததில்லை.

கடைக்காரர் காட்டியது வெள்ளி நிற எஸ்டேட். கழுவித் துடைத்து, உள்ளே வாசனைத் திரவியம் அடித்து, மணப்பெண் மாதிரி நிறுத்தியிருந்தார். சித்தப்பா போய் டயரை உதைத்தார். "கல்லு மாதிரி இருக்கு அண்ணி" என்றார்.

மகள் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தாள். தோசைக்கல் மாதிரி சுட்டது.

"இப்பத்தான் ஓட்டினீங்களா?"

"இல்ல பாப்பா, வெயில்ல நின்னுச்சு."

"கொட்டகைக்குள்ள எந்த வெயில்?"

கடைக்காரர் சித்தப்பாவைப் பார்த்துச் சிரித்தார். "நல்லா வளத்திருக்கீங்க சார்" என்றார். சித்தப்பா கூரையைப் பார்த்தார்.

டீசல் வண்டியின் சீக்கு விடியற்காலையில்தான் வெளியே வரும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த எஞ்சின் முதல் முறை கிளம்பும்போது இருமுகிறதா, புகைகிறதா, அடம் பிடிக்கிறதா என்று பார்த்தால் பாதி கதை தெரிந்துவிடும். ஒரு மணி நேரம் ஓட்டிச் சூடாக்கி வைத்துவிட்டால் எந்தக் கிழட்டு எஞ்சினும் நல்ல பிள்ளையாகத்தான் கிளம்பும். அதைத் தெரிந்துகொண்டுதான் முன்னாலேயே சுட வைத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. கோபம் காதுவரை ஏறியது. ஆனாலும் எண்ணெய் அளவுக் கம்பியை உருவி, ஒரு சொட்டை வடிதாளில் விட்டாள்.

"பாத்தியா, தேன் மாதிரி" என்றார் கடைக்காரர்.

"அதான் பிரச்சனை. ஓடுற டீசல் வண்டியில எண்ணெய் கொஞ்ச நாள்லயே கறுத்துடும். தேன் மாதிரி இருக்குன்னா நேத்து ஊத்தினது. பழைய எண்ணெய எங்க வச்சிருக்கீங்க? அதக் கொண்டாங்க, அதுகிட்ட பேசிக்கிறேன்."

"எண்ணெய் மாத்துனா தப்பா? என்ன சார் இது?" என்று அவர் மறுபடி சித்தப்பாவிடம் முறையிட்டார்.

அவர் சொன்னதும் நியாயம்தான். எண்ணெய் மாற்றியது குற்றமில்லை. வடிதாள் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான். நோட்டில் எழுதி வந்த பட்டியல் முடிந்துகொண்டே வந்தது. சூடு ஒன்றைத் தவிர எதையும் அவளால் கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லை.

அப்போது பின்கதவைத் திறந்து அம்மா உள்ளே ஏறி உட்கார்ந்தாள். மூக்கைச் சுளித்தாள்.

"இது நனைஞ்ச வண்டி" என்றாள்.

"என்னக்கா சொல்றீங்க? சென்ட் வாசம்தான் அது."

"சென்டுக்கு அடியில இருக்குறதச் சொல்றேன். ஈரத் துணிய காய விடாம மடிச்சு வச்ச வாசம். இருவத்தஞ்சு வருஷமா இந்த வாசத்தோடதான் சண்ட போட்டுட்டிருக்கேன்."

மகளுக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது. சீட் பெல்ட்டைப் பிடித்துக் கடைசிவரை உருவினாள். யாரும் உருவாத அந்தக் கடைசி முழம் வெளியே வந்தது. அதன் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு. அம்மா அதை விரலால் தடவினாள்.

"தண்ணி நின்னு காஞ்ச கோடு."

"டீ கொட்டியிருக்கும்க்கா."

மகள் அடுத்த பெல்ட்டையும் உருவினாள். அதே இடத்தில் அதே கோடு. "ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல டீ குடிச்சாங்களா? இது வெள்ளத்துல மூழ்கின வண்டி. மூழ்கினத வெயில்ல நின்னதுன்னு சொல்லி விக்கிறீங்க."

சற்றுத் தள்ளி ஒரு சிவப்பு வண்டியைச் சுற்றி வந்துகொண்டிருந்த கணவனும் மனைவியும் அப்படியே நின்றார்கள். "மெதுவா பேசும்மா" என்றார் கடைக்காரர். அவர் வாயில் 'பாப்பா' காணாமல் போய் 'அம்மா' வந்திருந்ததை அவள் கவனித்தாள்.

அந்த நேரத்தில் கொட்டகைக்குள் ஒரு வெள்ளை எஸ்டேட் வந்து நின்றது. ஒரு கியர்பாக்ஸ், நான்கு டயர், இரும்புக் கழிவு என்று முதுகு நிறையச் சுமை. அப்படியும் பின்பக்கம் தாழவில்லை, புகையும் இல்லை. கடையின் மெக்கானிக் இறங்கி, சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டுப் போனார்.

"அது யாரு வண்டி?"

"கடை வண்டி. விக்கிறதுக்கில்ல."

"எத்தன வருஷமா வச்சிருக்கீங்க?"

"ஏழு."

"ஏழு வருஷமா ஏன் விக்கல?"

"நல்லா ஓடுற வண்டிய எவனாவது விப்பானா?"

சொல்லிவிட்டுக் கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது. சிவப்பு வண்டிப் பக்கமிருந்து அந்த மனைவி கேட்டாள், "அப்போ இங்க நிக்கிறதெல்லாம்?"

மகள் அன்றைக்கு முதல் முறையாகச் சிரித்தாள். "எங்களுக்கு அந்த வண்டிதான் வேணும். வெள்ளி வண்டிக்குச் சொன்ன விலையே தரோம். ஒரு ரூவாகூடக் குறைக்கல."

"அது பழசும்மா."

"உங்களுக்கு ஆகுறது எங்களுக்கும் ஆகும்."

வேடிக்கை பார்த்தவர்கள் பதிலுக்காகக் காத்திருந்தார்கள். மறுத்தால் கடையின் மானம் போகும், கொடுத்தால் வண்டி போகும். அவர் மீசையைத் தடவியபடி, "எடுத்துக்கோங்க. கண்ண மூடிட்டு எடுக்கலாம்" என்றார்.

"கண்ணத் திறந்துட்டே எடுக்குறோம். நாளைக்குக் காலையில வந்து நாங்கதான் முதல்ல ஸ்டார்ட் பண்ணுவோம். அதுவரைக்கும் யாரும் தொடக் கூடாது."

"தொடலன்னு எப்படி நம்புவ?"

அதற்குப் பதில் அம்மாவிடம் இருந்தது. அவர்கள் வந்து வாசலில் நிறுத்தியிருந்த வாடகை ஆட்டோவில், திரும்பும் வழியில் கொடுக்கலாம் என்று எடுத்து வந்த சலவை மூட்டை இருந்தது. அதைச் சுற்றிக் கட்டியிருந்த, தங்கள் கடைக்கே சொந்தமான பெரிய வெள்ளை விரிப்புகள் இரண்டை அம்மா அவிழ்த்துச் சிமெண்டுத் தரையில் சேர்த்து விரித்தாள். "சுமைய இறக்கிட்டு வண்டிய இது மேல நிறுத்துங்க. ஒழுகுனா சொட்டு தெரியும். ராத்திரி நகத்துனா புது டயர்த் தடம் தெரியும். எண்ணெய்க் கறையோ மண் கறையோ, எனக்குத் தெரியாத கறை இன்னும் பொறக்கல."

கடைக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஏழு வருஷத்துல ஒரு சொட்டு போட்டதில்ல அது. நல்லா விரிங்க" என்றார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்கு மூவரும் போனார்கள். மகள் இரவு தூங்கவில்லை. அவளுக்கு முன்பே கடைக்காரரும் வந்து நின்றிருந்தார். அவரும் தூங்கவில்லை போலிருந்தது.

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்தாள். எஞ்சினுக்கு நேர் கீழே வட்டமாக ஏதோ கறுத்திருந்தது. டார்ச்சை இன்னும் அருகே நீட்டினாள். அந்தக் கறுப்பு எழுந்து நின்று, முதுகை வளைத்துச் சோம்பல் முறித்து, நிதானமாக வெளியே நடந்து போனது. பூனை. விரிப்பில் நேற்று ஏறிய டயர்த் தடத்தையும் அதன் காலடித் தடங்களையும் தவிர ஒரு புள்ளி இல்லை. டயர்கள் நேற்று நின்ற மடிப்பிலேயே நின்றன.

"இதுக்கு நான் மறுபடி துவைக்கணும்" என்று அம்மா பூனையைத் திட்டினாள்.

பானெட் ஜில்லென்றிருந்தது. அளவுக் கம்பியில் கன்னங்கரேல் என்று எண்ணெய். வடிதாளில் அந்தச் சொட்டு நடுவில் கறுத்து, ஓரத்தில் மேகம் மாதிரி மெல்ல வெளுத்துப் பரவிக்கொண்டே போனது. கெட்ட எண்ணெய் நடுவிலேயே கட்டிப்போய்க் கோடு போட்டு நிற்கும் என்று அவள் படித்திருந்தாள். அம்மா எட்டிப் பார்த்தாள்.

"ஓரம் கட்டல. நல்ல கறை" என்றாள்.

மகள் ஏறி உட்கார்ந்தாள். சாவியைப் பாதி திருப்பி, எஞ்சின் சூடேறும் மஞ்சள் விளக்கு அணையும்வரை காத்திருந்தாள். முழுதாகத் திருப்பினாள். ஒரே பிடி. வண்டி உறுமிக் கிளம்பியது. பின்னால் சாம்பல் நிறத்தில் ஒரு கைப்பிடிப் புகை வந்து உடனே கலைந்தது. சித்தப்பா முன்டயரை ஓங்கி உதைத்து, "நான் நேத்தே நினைச்சேன்" என்றார்.

கடைக்காரர் காகிதங்களைச் சித்தப்பாவிடம் நீட்டினார், பழக்க தோஷம். சித்தப்பா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "என்கிட்ட எதுக்கு? முதலாளி எங்க அண்ணி. வண்டி பாத்தது எங்க பொண்ணு. நான் உதைக்க வந்தவன்."

கையெழுத்து முடிந்ததும் கடைக்காரர் தயங்கித் தயங்கி அம்மாவிடம் கேட்டார், "அக்கா, அந்த விரிப்ப ஒண்ணு இங்க விட்டுட்டுப் போறீங்களா? நான் பழைய வண்டி வாங்கும்போது உதவும்."

"வாடகைக்குத் தரேன்" என்றாள் அம்மா. "துவைக்க மட்டும் எங்ககிட்டதான் போடணும்."

திங்கள்கிழமை ஏழடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது வெள்ளை எஸ்டேட் ஆஸ்பத்திரிப் பின்வாசலில் நின்றது. மேலாளர் வந்து பார்த்தபோது, ரசாயனப் பட்டதாரி வண்டியின் பின்கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு, அறுபது கட்டில்களின் அழுக்குத் துணியையும் ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள்.